வேர் மட்டும் விட்ட வள்ளிக்கொடி

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, கைவேலையும் அத்தனை நுணுக்கம். செடிகொடிகளின் நுனியிலிருந்து மணல்துகள் அளவு திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நறுக்கி, சீசாவில் உள்ள ஊட்டக்கூழின் மேல் வைத்துக் கன்றாக வளர்ப்பதுதான் பல வருடங்களாக அவள் பிழைப்பு. வீட்டில் வெங்காயம் நறுக்கச் சொன்னால் மட்டும் விரலை வெட்டிக்கொள்வாள் என்று கணவன் கிண்டல் செய்வான்.

அந்த வருடம் அவள் அக்காவின் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் வைரஸ் நோய் புகுந்தது. இலைகள் சுருண்டன, கிழங்கு விரல் தடிமனைத் தாண்டவில்லை. வள்ளியைக் கொடி நட்டுத்தான் வளர்க்க வேண்டும் என்பதால், நடும் கொடியோடு நோயும் கூடவே வந்தது. அந்த ரகம் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் கொடியின் உச்சி நுனிக்குள் வைரஸ் பெரும்பாலும் எட்டாது. நுனிகளை மட்டும் எடுத்துக்கொண்ட ஊசி, "மிச்சத்தைப் பிடுங்கி எரிச்சிடுக்கா. சுத்தமான கன்னு நான் தரேன்" என்றாள். அக்கா மறுபேச்சு பேசாமல் எரித்தாள்.

கன்று வரவில்லை. சீசாவுக்குள் திசு வெளிர்மஞ்சள் கட்டியாக உப்பியது. அதிலிருந்து வெள்ளை வேர்கள் தாராளமாக இறங்கின. தளிர் மட்டும் தலைகாட்டவே இல்லை.

ஆய்வகத் தலைவி மேடம் ஒரு சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கூழுல ஆக்சின் ஹார்மோன் தூக்கலா இருக்கு. அது வேரைத்தான் இழுக்கும். தளிர் வேணும்னா இன்னொரு ஹார்மோன், சைட்டோகைனினோட கை ஓங்கணும்."

"எவ்வளவு மேடம்?"

"அதுதான் தெரியல. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு அளவு. சீசாக்கள்ல பாதியை மட்டும் மாத்திப் பாரு."

ஊசிக்குப் பொறுமை இல்லை. அக்காவின் வெறும் தோட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மூன்று சீசாக்களை ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் சைட்டோகைனின் மிகுந்த கூழுக்கு மாற்றினாள். தளிர்கள் முண்டியடித்துக்கொண்டு கிளம்பின. நிலைகொள்ளாமல் அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. இலைகள் நீர்கோத்து, கண்ணாடி போலத் தடித்தன. இடுக்கியால் தொட்டதும் கொழகொழவென்று கரைந்தன.

விஷயம் தெரியாமல் அக்கா வந்து நின்றாள். "வந்துடுச்சுன்னியே, எங்க?"

"வந்துச்சுக்கா. நிக்கல. ஹார்மோன் அதிகமாயிடுச்சு."

"உன் வாயை நம்பி எரிச்சேன்டி."

அக்கா கத்தியிருந்தால்கூடத் தேவலை. அதைச் சொன்னது அவ்வளவு மெதுவாக. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவள், அதன் பிறகு ஊசியின் போனை எடுக்கவில்லை.

ஊசி மேடத்திடம் உள்ளதைச் சொன்னாள். "பாதின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று மேடம் தலையில் கைவைத்தார். கோபம் தணிந்ததும் இருவரும் மிச்சமிருந்த மூன்று சீசாக்களின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இந்தக் கட்டி ஏற்கெனவே ஆக்சினைக் குடிச்சு வெச்சிருக்குல்ல மேடம்? இனிமே நாம அதைச் சேர்க்கவே வேண்டாமே?"

மேடம் யோசித்தார். "சரி. சைட்டோகைனினும் கொஞ்சமாவே போடு. முதல்ல வேரையெல்லாம் நறுக்கிடு. வேர் இருந்தா கட்டி அந்தப் பக்கமே போகும்."

ஊசி கத்தியை எடுத்து வேர்களை ஒவ்வொன்றாக நறுக்கினாள். கட்டிகளைப் புதுக் கூழில் வைத்தாள். மூன்றில் ஒன்று பூஞ்சை பிடித்துப் போயிற்று. மற்ற இரண்டும் அசையாமல் கிடந்தன. தினமும் காலையில் முதல் வேலையாக, சீசாக்களை வெளிச்சத்தில் அடுக்கியிருந்த விளக்கறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் கட்டியின் ஓரத்தில் பச்சைப்புள்ளி ஒன்று தெரிந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. புள்ளி கூம்பானது, கூம்பு பிரிந்து இலையானது. சாதாரண இலை, நீர்கோக்காமல் விறைப்பாக நின்ற இலை. பக்கத்தில் இன்னும் சில புள்ளிகள். அப்போதுதான் மேடத்தைக் கூப்பிட்டாள்.

"அக்காவுக்குச் சொல்லலையா?"

"மண்ணுல நிக்கட்டும் மேடம். ஒரு தடவை வாயை விட்டது போதும்."

கன்றுகள் வேர்விட்டு மண்ணுக்குப் போயின. வைரஸ் சோதனையில் சிலவற்றில் நோய் இருந்தது, அவற்றை அழித்தார்கள். மற்றவை தேறின. அவற்றைக் கொடியாக வளர்த்து, ஈரத்துணியில் சுற்றி, ஊசியே அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அக்கா துணியை விரித்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். ஊசியும் பின்னாலேயே போய், பாத்தியில் குனிந்து ஒரு கொடியை ஊன்றினாள்.

"ஏய், தலைகீழா நடுற! நுனி மேல வரணும்டி" என்று அதட்டினாள் அக்கா. "சீசாவுக்குள்ளயும் இப்படித்தான் நட்டியா?"

ஊசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொடியைப் பிடுங்கி, நேராக ஊன்றினாள்.