கூரையிலிருந்து இறங்கும் காற்று

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அறைகளைக் கட்டுவது அவர் தொழில். எல்லோரும் ‘காத்துக்காரர்’ என்றே கூப்பிடுவார்கள். தகரப் பலகைகளைப் பூட்டி நாலு சுவரை நிறுத்த யாராலும் முடியும், காற்றை வழிக்குக் கொண்டுவருவதுதான் வேலை என்பார். கூரை முழுக்கப் பஞ்சு வடிகட்டி. அதன் வழியே சுத்தமான காற்று திரைச்சீலை மாதிரி நேராக இறங்க வேண்டும். பெயின்ட் துப்பாக்கியிலிருந்து சிதறும் புகையை இழுத்துக்கொண்டு தரையிலுள்ள கம்பி வலைக்குள் புக வேண்டும். கீழே இன்னொரு வடிகட்டியைத் தாண்டி, மோட்டார் இழுப்பில் வெளியேற வேண்டும். இழுப்பு மந்தமானால் அந்தப் புகை பெயின்டர் முகத்தைத்தான் சுற்றும்.

ஒரு பட்டறை முதலாளி சின்ன மோட்டாரை வாங்கி வைத்திருந்தார். அறையைக் கட்டி முடித்துச் சோதித்தபோது காற்றின் வேகம் பாதிகூடத் தேறவில்லை.

“அண்ணே, பெரிய மோட்டார் ஆறு மாசத்துல போட்டுடலாம். திறப்பு விழாவுக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு. சர்டிபிகேட்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. அடுத்த மூணு பட்டறை வேலையும் உங்களுக்குத்தான்.”

முழு வேகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் மனசு உறுத்தியது. பிறகு வேலையில் மறந்துபோனது.

இரண்டு வருடம் கழித்து மனைவியின் தம்பி வீட்டுக்கு ஓடிவந்தான். பெயின்டர். அவன் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

“மாமா, நீங்க கட்டின ரூம்லதான் எனக்கு வேலை! ஒண்ணுமே விசாரிக்கல, உடனே சரின்னுட்டேன்.”

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சொன்னது அதே சின்ன மோட்டார் பட்டறை. இவருக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. இந்நேரம் மோட்டாரை மாற்றியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போய்ப் பார்க்கவில்லை.

“மாஸ்க்கைக் கழட்டாம வேலை பாரு, மாப்ள” என்றார். அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்குள் மச்சினனுக்கு இருமல் பிடித்தது. பிறகு மூச்சிரைப்பு. பெயின்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரின் புகை நுரையீரலைக் கெடுத்துவிட்டது, இனி பெயின்ட் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

அன்றுதான் காத்துக்காரர் அந்தப் பட்டறைக்குப் போனார். அதே சின்ன மோட்டார். தரையடி வடிகட்டி தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் கத்தக் கத்த முதலாளி நிதானமாக மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.

“இது யாரு கையெழுத்துண்ணே?”

வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். கட்டிலில் இன்ஹேலரும் கையுமாக இருந்த மச்சினன் எழுந்து உட்கார்ந்தான்.

“தெரிஞ்சேவா, மாமா?”

“தெரிஞ்சேதான்.”

மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள். “எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மொத நாளு நானே சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பினேனே, பாவி!”

தன் கையெழுத்துப் பொய் என்று அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய லைசென்ஸ் போயிற்று. பட்டறை பதினொரு நாள் பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் பெரிய மோட்டாரும் புது பெயின்டருமாகத் திறந்துகொண்டது.

மச்சினன் இப்போது செருப்புக் கடையில் நிற்கிறான். சென்ட் பூசிய ஆள் உள்ளே வந்தால் அவன் வாசலுக்குப் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவான். வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு வளைவிலும் அவன் நின்று இருமுவது உள்ளே கேட்கும். அக்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பாள். காத்துக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, அவன் வந்து சேர்வதற்குள் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்.