அண்ணனின் பொடியும் மனைவியின் மாத்திரையும்

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் ரத்தம் எடுப்பார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்படங்களை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்கி வைப்பது என் வேலை. அந்தத் தடவை நானே தேறவில்லை. நாற்பத்து மூன்று வயதில் சர்க்கரை.

மனைவியிடம் சொன்னபோது அவள் பதறவில்லை. மீஞ்சூரில் ஒரு மருந்துக் கடையில் வருஷக்கணக்காகக் கவுண்டரில் நிற்பவள். ஊரில் யார் யாருக்குச் சர்க்கரை என்று அவளுக்கு அத்துப்படி. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். காலையில் மாத்திரை, போட்டதும் நாஷ்டா. "ஒழுங்கா போட்டுக்கினு வாங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள்.

நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், அண்ணனுக்குப் போன் செய்யும்வரை.

அண்ணனுக்குப் பொதட்டூர்பேட்டைப் பக்கம் நிலம். நெல் போடுகிறார். ஐம்பத்தாறு வயதிலும் டிராக்டரை அவரேதான் ஓட்டுவார். இங்கிலீஷ் மருந்தை அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. சளி என்றால் தூதுவளை, காய்ச்சல் என்றால் நிலவேம்பு, மற்ற எல்லாவற்றுக்கும் யூடியூப். அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பஸ், இரண்டு ரயில் மாறி வந்து இறங்கினார். பையில் சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூ, மாப்பிள்ளைச் சம்பா அரிசி, அப்புறம் ஒரு வாரத்துக்குப் போதுமான பாகற்காய்.

"மாத்திரையைத் தூக்கிக் கடாசுடா. ஆரம்பிச்சா சாவற வரைக்கும் துன்னுக்கினே இருக்கணும். கிட்னி போயிடும்."

மனைவி தனக்குக் கலந்த டீ டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தாள். "சர்க்கரை ஏறினாதான் மாமா கிட்னி போவும். தினம் கடையில பாக்கறேன்ல?"

"நீ மருந்து விக்கறே, அதுக்கு ஏத்தா மாதிரி பேசறே. கையில இன்னா அது? டீயா பாயசமா? மூணு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக்கினு இவனுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டே."

அவள் டம்ளரைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் ஜெயித்த முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். காலையில் அவள் கொடுத்த மாத்திரை, அவள் குளிக்கப் போனதும் ஒரு ஸ்பூன் பொடி. அண்ணன் கொண்டுவந்த அரிசியை மனைவியே சமைத்தாள்; பாகற்காய்ச் சாற்றையும் வெளிப்படையாகவே குடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு மாதத்தில் சர்க்கரை நன்றாகக் குறைந்தது. மாத்திரை கேட்கிறது என்று மனைவிக்குச் சந்தோஷம். பொடி கேட்கிறது என்று அண்ணனுக்குச் சந்தோஷம். ஒரே ரிப்போர்ட்டைக் காட்டி இரண்டு பேரிடமும் நல்ல பேர் வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்புறம் அண்ணன் போனில் அடுத்ததைச் சொன்னார். "காலைல நாஷ்டாவை நிறுத்து. மத்தியானம் வரைக்கும் வயித்தைக் காய விடு. சர்க்கரை ஓடியே போயிடும்."

மனைவியிடம் சொன்னால் பேஜாரு. அதனால் நாஷ்டாவுக்கு அவள் கட்டிக் கொடுத்த இட்லி டப்பாவை ரயிலில் கூட வரும் நண்பரிடம் கொடுத்துவிடுவேன். அவர் காரணமே கேட்காமல் சாப்பிட்டார். மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது நாள் பத்து மணி வாக்கில் ஒரு வார்ப்படத்தை அளந்துகொண்டிருந்தேன். கையில் இருந்த கருவி தந்தியடித்தது. சட்டை நனைந்துவிட்டது. ஒரே எண்ணை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் வேறு வேறாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் இரும்புக் குவியல்மேல் விழுந்திருப்பேன்.

முதலுதவி அறையில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் உலகம் பழையபடி நேராக நின்றது. மனைவி கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

"காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"இட்லி."

"எத்தனை?"

நான் யோசித்த நேரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், பொடி உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மிஷின்ல விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அண்ணனுக்கு அவள்தான் போன் செய்தாள். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்றார். பை எதுவும் இல்லை. கண் சிவந்திருந்தது. "நான்தான்மா சொன்னேன். மாத்திரையும் போட்டுக்கினு பட்டினி கிடப்பான்னு எனக்குத் தெரியாது. உட்டுட்டான்னு நினைச்சேன்."

"உட்டாலும் தப்புதான் மாமா. நீங்களே டாக்டர்கிட்ட வந்து கேளுங்க. எவ்ளோ வேணா கேளுங்க."

வந்தார். கேட்டார். அவ்வளவு கேள்விகளை அந்த அறை கண்டிருக்காது. டாக்டர் இளம் வயதுப் பெண். ஒன்றுக்கும் அவர் சிரிக்கவில்லை. "அரிசியை மாத்தினீங்களே, அது நல்லது. பாகற்காயைச் சாறா வேணாம், பொரியலா சாப்பிடட்டும். பொடி மாத்திரையோட சேர்ந்து சர்க்கரையை எவ்வளவு இறக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சேர்க்க வேணாம். பட்டினி இருக்கணும்னா முதல்ல என்கிட்ட சொல்லணும், நான் மாத்திரையை மாத்தணும்." அப்புறம் அண்ணனைப் பார்த்து, "உங்க தம்பிக்கு இருக்கே, உங்களுக்கும் ஒரு தடவ பாத்துடலாமா?" என்றார்.

நர்ஸ் ஊசியை எடுத்தபோதுதான் அண்ணனின் ரகசியம் வெளியே வந்தது. அண்ணன் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்றார். நர்ஸ் இன்னும் பஞ்சால் விரலைத் துடைத்து முடிக்கவில்லை.

இத்தனை வருஷ இயற்கை வைத்தியத்தில் எத்தனை பங்கு கொள்கை, எத்தனை பங்கு ஊசி பயம் என்று நான் கேட்கவில்லை. மனைவி கேட்டுவிட்டாள். "சின்ன வயசுலேர்ந்தே ஆவாதும்மா" என்றார், வெட்கத்தோடு. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

சர்க்கரை இல்லை. அதை ஊர் முழுக்கச் சொன்னார். பிரஷர் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது, அதைச் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை போடுகிறார். எனக்கு மாப்பிள்ளைச் சம்பாவே நிலைத்தது, தினமும் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறேன், சில மாதங்களில் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மனைவி டீயில் இப்போது ஒரு ஸ்பூன்தான், அதையும் முறைத்துக்கொண்டே கலக்குகிறாள்.

அண்ணன் இப்போதெல்லாம் எனக்குப் போன் செய்வதில்லை, அவளுக்குத்தான். போன வாரம் ஸ்பீக்கரில் கேட்டேன், பின்னால் அண்ணி பாத்திரம் உருட்டும் சத்தமும் வந்தது.

"ஏம்மா, பிரஷர் மாத்திரை போட்டுக்கினு கருவாட்டுக் குழம்பு துன்லாமா?"

"அதுல உப்பு ஜாஸ்தி மாமா."

"உங்க அக்கா அடுப்புல வெச்சிட்டாளே. வாசனை தெருவரைக்கும் வருது."

"சரி, ஒரு துண்டு."

குழம்புச் சட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "தலைத் துண்டா, நடுத் துண்டா?"