தொட்டிலுக்கு மேல் எரிந்த டியூப் லைட்

என் வீட்டுக்காரரைக் குறை சொன்னதுபோல் ஆகுமோ என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார்.

வெளிச்சத்தில் குழந்தை தூங்காமல் அழுததால், கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர் டியூப் லைட்டை ஃபேன் ரெகுலேட்டரில் இணைத்து மங்க வைத்தார். அது மினுக்கி மினுக்கி எரிந்தது, பட்டிக்குள் இருக்கும் சோக் இரைந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“சோக்கு சுடாதா?”

“சும்மா இரிட்டி. துபாய்ல நான் பாக்காத லைட்டா?”

“அங்க நீங்க பெயின்ட்டுல்லா அடிக்கிய?”

சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். பாட்டு முடியுமுன் கருகல் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், சோக் உருகி விழுந்து காலித் தொட்டில் எரிகிறது. அவர் மெயினை அணைத்தார், நான் தண்ணீர் ஊற்றினேன். கர்த்தர்தான் காத்தார்.

மங்க வைக்க அதற்கென்றே உள்ள சோக்கும் ரெகுலேட்டரும் வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். அதையே மாட்டினோம். ஆனாலும் அதன்பிறகு எந்த லைட்டுக்கும் கீழே நான் பிள்ளையைக் கிடத்தவில்லை.

பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.