கன்னிமூலை அடுப்படி

எட்டயபுரம் ரோட்டை விட்டுத் தள்ளியிருந்த அந்தக் கரிசல் ஊரில், எழுபத்தெட்டாம் வருஷம் பாண்டியம்மாள் கட்டத் தொடங்கிய வீடு தெருவுக்கு முதுகைக் காட்டியது. தெருப்பக்கம் பேருக்கு ஓர் ஒற்றைக் கதவு. தாழ்வாரம், அடுப்படி ஜன்னல் எல்லாம் மேற்கே அவள் பருத்திக்காட்டைப் பார்த்து.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் வாழ வந்த நாளிலிருந்து, கணவனின் அண்ணன் தவசி தன் மாடுகளை அந்தக் காட்டில்தான் விட்டு மேய்த்தார். கேட்டால், "எவன் பாத்தான்?" என்பார். பாகம் பிரிந்ததும், பார்ப்பதற்கென்றே ஒரு வீடு கட்டினாள்.

தவசி அஸ்திவாரக் குழியருகே வந்து நின்றார். தம்பி பெண்டாட்டியிடம் நேரே பேசுவதில்லை.

"ஏலே உக்கிரபாண்டி, ஒம் பொண்டாட்டி வீடு கட்டுதாளா, என்னைய வேவு பாக்கப் பரண் கட்டுதாளா?"

அவளும் கணவனைப் பார்த்தே சொன்னாள்: "ஒழுங்கா மேய்க்கிறவியளுக்குப் பரணைக் கண்டா என்ன பயம்னு கேளுங்க."

உக்கிரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சுவர் முழங்காலுயரம் எழும்பிய வாரம், வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த தன் பங்குத் துண்டில் தவசி சோளத்தட்டையை அடுக்கிப் படப்பு போட்டார். அடுப்படி ஜன்னல் வரவேண்டிய இடத்துக்கு நேர் எதிரே, கூரை உயரத்துக்கு. காடு மறைந்துபோனது.

"மேல ஒரு மாடி எடுத்தாத் தெரியும்லா," என்றான் உக்கிரபாண்டி.

"ஒல கொதிக்கையில மாடியில போயி நிக்கவா? ஒத்தத் தளந்தான்."

பாதிச் சுவர்களுக்குள் மூலை மூலையாகக் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். தென்மேற்கு மூலையிலிருந்து மட்டும் படப்பைத் தாண்டிக் காடு தெரிந்தது.

"அடுப்பு இங்கன. தெக்க ஒரு ஜன்னல், மேக்க ஒரு ஜன்னல்."

கொத்தனார் கொம்பையா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கன்னிமூலையில அடுப்பு ஆகாதும்மா. குடும்பம் பிரிஞ்சிரும்."

"பிரிஞ்சுதான இங்க வந்திருக்கோம். வைங்க அண்ணாச்சி."

பால் காய்ச்சிய அன்று தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. தவசியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. பொங்கி வழிந்த பாலை அவளே துடைத்தாள்.

தை மாதம், காய் பிடித்து நின்ற பருத்திக்குள் தவசியே இரண்டு மாடுகளைப் பத்திவிடுவதை அடுப்படியிலிருந்து கண்டாள். உலையை இறக்காமலே ஓடினாள். மாடுகளைக் கையோடு ஓட்டிப்போய், பயிரில் மேயும் மாடுகளைப் பிடித்து வைக்கும் பவுண்டில் அடைத்துவிட்டுத்தான் திரும்பினாள். தவசி தெருவே கூடும்படி கத்தினார். முதல்முறையாக அவளிடம் நேரே.

"ஏட்டி, நீ நல்லாவே இருக்கமாட்ட!"

"மாடு பவுண்டுல நிக்கி. போயி மீட்டுக்கோங்க மச்சான்."

அதன் பிறகு மாடுகள் வரவில்லை. அண்ணன் தம்பி பேச்சும் அற்றுப்போனது. உக்கிரபாண்டி சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருக்கதவுப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தான்.

"அங்கன என்ன இருக்கு?"

"நாலு ஆளு போறாவ, வாராவ."

அந்த வருஷம் பருத்தி வெள்ளையாக வெடித்து நின்றது. எடுக்கக் கூப்பிட்டாள், தெருவில் ஒருத்தியும் வரவில்லை. மடியைக் கட்டிக்கொண்டு தனியாகவே காட்டில் இறங்கினாள்.