தேரி மணலை நிறுத்திய அந்தோணியம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் குளத்து மடையில் செத்தை வாரிக்கொண்டிருந்தோம். கடற்கரை ஊராகிய புன்னைத்துறையிலிருந்து இருவர் கரைமேல் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "பிள்ளைவாள், நம்ம அந்தோணியம்மா போயிட்டாவ. விடியக்கால மூச்சு அடங்கிட்டு" என்றார். மடையில் நின்ற எங்கள் ஊரார் அத்தனை பேரும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

கருவாடு விற்ற பெண்பிள்ளைக்கு 'அவர்கள்' என்று எழுதுவதா, அதை அச்சில் வேறு போடுவதா என்று என் உறவினர் சிலர் கேட்கிறார்கள். அப்படித்தான் எழுதுவேன். ஒரு காலத்தில் அவர்களை 'ஏளா' என்று மரியாதையில்லாமல் அழைத்த வாய் என்னுடையது. அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

அந்தோணியம்மாள் அவர்கள் புன்னைத்துறையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்கள். கணவரைக் கடல் கொண்ட பின், எங்கள் கீழச்செங்குளத்துத் தெருக்களில் கருவாடு விற்று இரண்டு பெண்மக்களை வளர்த்தார்கள். நெடிய உருவம். எதிரே எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் விலக மாட்டார்கள். "கூட கனக்கு, நீங்க ஒதுங்குங்க" என்பார்கள். அதனாலேயே அவர்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது தாமிரபரணி வாய்க்காலின் கடைசிக் குளம். அதன் தண்ணீரில் நாங்கள் நெல் விளைவித்தோம். அதன் ஊற்றால்தான் கரைக்குக் கீழே உள்ள கிணறுகள் இனித்தன. கடற்கரையாருக்குக் குடிநீர் அந்தக் கிணறுகளே. மேற்கே தேரி என்னும் செம்மணல் மேடு. ஆனி, ஆடிக் காற்றில் அது எழுந்து நடந்து வரும். மறித்து நின்ற உடைமரங்கள் வெட்டுண்ட பிறகு, ஆண்டுதோறும் மணல் குளத்துக்குள் இறங்கியது. குளம் சுருங்கியது. கிணறுகள் உவர்த்தன. ஒவ்வோர் ஊரும் மற்ற ஊரைத் திட்டியது.

ஓர் ஆனி மாதம் எங்கள் ஆட்கள் கிணற்றடியில் கடற்கரைப் பெண்களின் குடங்களை உடைத்தார்கள். மறுநாள் அவர்களுடைய ஆண்கள் எங்களில் இருவரின் மண்டையைப் பிளந்தார்கள். அப்போது நான் ஊர்க் கணக்கெழுதும் கர்ணம். மரங்களை வெட்டியவர்கள் கடற்கரையாரே என்று மேலதிகாரிக்கு மனு எழுதினேன். அது பொய். கருப்பட்டி காய்ச்சும் அடுப்புகளுக்காக வெட்டியவர் என் மைத்துனர். அது தெரிந்தேதான் எழுதினேன்.

மூன்றாம் நாள் அம்மையார் கூடையில்லாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏளா, இங்கன என்ன சோலி?" என்றேன்.

"மரத்த வெட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியும் பிள்ளைவாள். எனக்கும் தெரியும். அந்தத் தெருவுலதான கருவாடு விக்கேன்."

"தெரிஞ்சா என்ன செய்வ?"

"நான் என்னத்தச் செய்ய? எங்க ஆளுவள செயில்ல போடுங்க. பெறவு காத்துக்கும் ஒரு மனு எழுதுங்க, குளத்துப் பக்கம் வராதன்னு."

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த ஆடியில் மடையை மணல் மூடிவிட்டது. நாங்கள் வாரி எறிந்த மணலைக் காற்று மறுபடி கொண்டுவந்து கொட்டியது. பயிர் கருகத் தொடங்கியது. நான்காம் நாள், அம்மையார் முன்னால் வர, கடற்கரை ஆண்கள் பழைய வலைகளைச் சுமந்து வந்தார்கள். எங்கள் ஆட்கள் கம்பெடுத்தார்கள்.

"அடிக்கதுன்னா மொதல்ல என்னய அடிங்கவே. இல்லன்னா பனையோல கொண்டாங்க" என்றார்கள் அம்மையார்.

கம்புகளை நட்டு, வலையைக் கட்டி, அதில் ஓலையைச் செருகினால் காற்றின் வேகம் தணிந்து மணல் அங்கேயே விழும். அந்த மறைவில் பனங்கொட்டையும் தாழையும் ஊன்றலாம். கடலோரக் குடிசைகளை அவர்கள் காப்பாற்றி வந்த முறை அதுதான்.

"கூலி வேண்டாம். கொடம் ஒடச்ச கெணத்துல எங்க பொம்பளையாளுவ பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, தண்ணி எடுக்கணும். மனு எழுதுனவரு அது பொய்யின்னு அதிகாரி முன்னால சொல்லணும். இதுக்குச் சம்மதிச்சாத்தான் வலைய அவுப்போம்" என்றார்கள் அம்மையார்.

"மீன்காரி சொல்லி நாங்க கேக்கணுமாவே?" என்று என் மைத்துனர் கத்தினார்.

அம்மையார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கருகும் பயிரைப் பார்த்தேன். பிறகு ஓலை வெட்ட ஆளனுப்பினேன். அன்று பிற்பகலே கடற்கரைப் பெண்கள் கிணற்றில் வாளியை இறக்கினார்கள். விசாரணை நாளில், நான் எழுதியது பொய் என்று சொன்னேன். வேலை போயிற்று. மைத்துனர் இன்றுவரை என் வீட்டில் கை நனைப்பதில்லை. செய்தி கேட்டு வந்த அம்மையார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வேல போனாப் போட்டும். மம்பட்டி இருக்குல்லா?" என்றார்கள்.

முதல் ஆண்டு வலைகள் கிழிந்தன. இரண்டாம் ஆண்டு தாழையை ஆடுகள் தின்றன. அவற்றில் பாதி தம் மருமகனுடையவை என்று தெரிந்ததும், அம்மையார் தாமே அவற்றை ஓட்டிப்போய், பயிர் மேயும் ஆடுமாடுகளைப் பிடித்து வைக்கும் பவுண்டில் அடைத்தார்கள். மூன்றாம் ஆண்டுதான் வேர் பிடித்தது. இன்று மேற்கே இளம்பனைகள் வரிசையாக நிற்கின்றன. குளம் நிரம்புகிறது. கிணறு இனிக்கிறது.

ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி, இரண்டு ஊராரும் நண்பர்களாகிவிட்டீர்களா என்று கேட்டார்.

"அதெல்லாம் பையத்தான் வரும் அய்யா" என்றார்கள் அம்மையார். "ஒரே மணலு ரெண்டு பேரு வாயிலயும் விழுது. இப்போதைக்கு அது போதும்."

சென்ற செவ்வாய்க்கிழமை மாலையே அடக்கம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே எங்கள் ஊரார் தயங்கி நின்றோம். உள்ளே போகிறவர்களுக்கு எங்கள் ஊர்க்கோயிலில் மரியாதை கிடையாது என்று கோயில் நிர்வாகத்தார் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமும் இல்லை. என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். "நீங்க நில்லுங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைக் கடந்தாள். பிறகு எங்களில் ஒருவரும் வெளியே நிற்கவில்லை.

அம்மா, கோயில் மரியாதையைக் கோயிலாரே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் குழியில் ஒரு பிடி மண் இட்ட கையால் இதை எழுதுகிறேன். போய் வாருங்கள்.