மூன்று கடிதங்களில் ஒரு கன்றுத் தோல்

சுண்ணாம்பில் ஊறும் தோலின் வாடைக்கு என் வகுப்பில் எவனும் மூக்கைப் பொத்துவதில்லை. ஆம்பூர்ப் பிள்ளைகள், பிறந்ததே அதில்தான். நான்தான் நின்றுவிடுகிறேன். காற்று தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து திரும்பினால் போதும், பாதி வாக்கியத்தில் சாக்பீஸ் நின்றுபோகிறது. இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இன்னும் இப்படித்தான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் வாத்தியார்கள், இங்கிலீஷ் பாட்டுகளில் தீம் எது, சிம்பல் எது என்று பையன்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்கிறார்கள். நான் கற்றுக்கொண்ட விதத்தை எழுதுகிறேன்.

ஸ்கூல் பைனலில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவர் சாமுவேல் சார். பாட்டைப் படித்து முடித்ததும் பென்சிலை நீட்டுவார்.

“டேய், பறவை ஒரு தடவ வந்தா பறவை. மறுபடி மறுபடி வந்தா கோடு போடு. வேற எதையோ சொல்ல முடியாமத்தான் அதைச் சொல்றான்.”

நான் கோடு போடுவதில் சூரன். விளக்கு, படகு, வாடிய பூ, எதையும் தப்பவிட்டதில்லை. ப்ரெஸி எழுதுவதிலும் நான்தான் முதல். ஒரு பக்கத்தை நாலு வரியாகச் சுருக்குவேன். வேண்டாததை ஈவிரக்கமில்லாமல் தள்ளுவேன். அப்படித்தான் சார் பாராட்டினார், ஈவிரக்கமில்லாதவன் என்று.

எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். அடுத்த வீட்டு முனுசாமி மாமா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். மகள் எல்லம்மாக்காவைச் சோளிங்கரில் கட்டிக்கொடுத்து எட்டு மாசம் ஆகியிருந்தது. ஜெர்மன் சண்டை நடந்த சமயம். பட்டாளத்து பூட்ஸுக்கென்று பெரிய மாட்டுத் தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. மேஸ்திரி ஒரு நாள்கூட லீவு தரவில்லை. மாமா மகளைப் போய்ப் பார்க்கவே இல்லை.

ஐப்பசியில் முதல் கடிதம் வந்தது.

“இன்னா எழுதிக்குது?”

“சௌக்கியமாம் மாமா. உங்க ரெண்டு பேரையும் விசாரிச்சிருக்காங்க.”

“அவ்ளோதானா? காயிதம் ரொம்பிக் கெடக்குதே.”

“மத்ததெல்லாம் உங்க ஷாப்பு சமாச்சாரம்.”

மாமாவின் மனைவி அஞ்சலை அத்தை சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்தாள். கார்த்திகையில் இரண்டாவது வந்தது. அதையும் சுருக்கித்தான் சொன்னேன். அதற்கும் வெல்லம்.

மார்கழியில் மூன்றாவது. அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டில் ஏழு இடத்தில் கோடு போட்டு சாரிடம் ‘சபாஷ்’ வாங்கி வந்திருந்தேன். குஷியாகப் பிரித்தேன்.

“மாமா, எல்லம்மாக்காவுக்குத் தோல் பைத்தியம் பிடிச்சிடுச்சு. கேளுங்க. ‘கன்றுத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு நாள் அதிகமாகிவிட்டதே, அப்பா எடுக்க மறந்தாரா?’”

கால் கழுவிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். சொம்பிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

“இன்னாது? மறுபடி படி.”

படித்தேன்.

“கன்னுத் தோலா? அது எங்க ஷாப்புக்கு வந்தே வருசமாவுது. யாரு எழுதிக் குடுக்கறது இத? அவளுக்கு எழுத்து தெரியாதே.”

“தபால்காரர் எழுதினதுன்னு கீழ போட்டிருக்கு.”

“அப்போ மாமியாக்காரி பக்கத்துலயே குந்தினு இருந்திருப்பா.” அத்தை பக்கம் திரும்பினார். “கன்னுத் தோலு எளசுடி. நாள் தாண்டுனா குழியிலயே கரைஞ்சி பூடும். சின்னதுல எங்கூட வந்து கண்ணால பாத்திருக்கா அவ.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“முன்ன வந்ததுல இது இருந்துச்சா?”

காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் ஒரு இரைச்சல். வீதி, வாசல், அத்தையின் முகம், எல்லாம் எட்டப் போய் நின்றன.

“ரெண்டுலயும் இருந்துச்சு மாமா.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மேஸ்திரியிடம் சொல்லாமல், ஈரக் காலோடு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

என் பையில் பென்சில் இருந்தது, வாத்தியார்களே. மூன்று தடவை வந்ததற்குக் கோடு போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், புத்தகத்தில் இருந்தால்தான் அது பொருள், தோல் வேலைக்காரர் வீட்டுப் பெண் சொன்னால் வெறும் தொழில் பேச்சு என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. நானாகவே கற்றுக்கொண்டேன். இன்று என் பையன்கள் ப்ரெஸி எழுதினால், எதைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்று தனித் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அந்தத் தாளுக்குத்தான் மார்க்.

மூன்றாம் நாள் பாசஞ்சரில் மாமா அக்காவை அழைத்து வந்தார். ஸ்டேஷனில் போய் நின்றேன். இறங்கியவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு பார்க்க முடியவில்லை. கன்னம் ஒட்டி, நெற்றியோரம் முடி கொத்தாகப் போயிருந்தது. இடது கை முந்தானைக்குள் இருந்தது. மாமா ஜட்கா வண்டி பேசப் போனார்.

“எவ்ளோ வளந்துட்டடா!”

“அக்கா, அந்த லெட்டருங்க…”

“நீதான் படிச்சியா? மூணையுமா?”

“ஆமாக்கா.”

ஜட்கா வந்தது. மாமா அவளைக் குழந்தைபோல் தூக்கி ஏற்றினார். முந்தானை விலகியது. மணிக்கட்டு ஒடிந்து கோணலாக ஒட்டியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. யாருடையதோ போல அதை அவள் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“மொத லெட்டர் போட்டப்ப இந்தக் கை நல்லாத்தான்டா இருந்துச்சு.”