மூன்றாம் வரிசையில் கரைந்த புள்ளி

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். யாரும் கேட்காமலே இன்ஜினைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வழக்கம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக் காருக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும், "அது ஏசி தண்ணி, சும்மா விடுங்க" என்று தீர்ப்புச் சொன்ன முதல் ஆள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்தக் கார் சண்முகசுந்தரியுடையது. ஐம்பத்தொரு வயது, அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸில் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து இருபது வருஷம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போய்வந்தவர். அதில் பாதி என் பஸ்ஸில். இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பழைய காரை வாங்கினார். சேரன்மகாதேவி தாண்டி வயல் நடுவே தன்னந்தனியாக ஓட்டிப்போன கதையைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னார். கேட்ட எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கார்தான் இப்போது கைவிட்டுப் போகவிருந்தது. சூடு காட்டும் முள் ஏறி, இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்தபோது எதுவும் ஒழுகவில்லை. கணவர் ஞானசம்பந்தன் பயந்த சுபாவம். ராதாபுரத்திலிருந்து தேவசிகாமணி என்பவரை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுந்தரி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க."

அவர் வாசலில் தினமும் புள்ளிக் கோலம் போடுவார். சாயங்காலம் வண்டி அதன் மேல்தான் வந்து நிற்கும். காரைப் பின்னால் தள்ளியிருந்தார். கோலத்தில் மூன்றாம் வரிசை, இடமிருந்து இரண்டாம் புள்ளி கரைந்து போயிருந்தது.

"நாலு நாளா இதே புள்ளிதான். நேத்து வேணும்னே ஏசியே போடல. அப்புறம் எப்படி ஏசி தண்ணி வரும்?"

விரலால் தொட்டேன், வழவழவென்றிருந்தது.

"ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்னா பச்சையால்லா இருக்கும்? இது நெறமே இல்லையே" என்று கடைசியாக ஒரு முட்டுக் கொடுத்துப் பார்த்தேன்.

சுந்தரி திரும்பி, திண்ணையில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னார்:

"தெனமும் கொறையுதேன்னு நான்தான் ஊத்துனேன். நம்ம ஆத்துத் தண்ணிதான். தாமிரபரணிக்கு என்ன கொறைச்சல்?"

பதினைந்து நாளாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, பச்சையை வெளுக்கவைத்தது அவர்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுந்தரி சிரிக்கவில்லை, மறுபடி வண்டியை அதே இடத்தில் நிறுத்தி பானட்டைத் திறந்தார்.

கரைந்த புள்ளிக்கு நேர் மேலே ரேடியேட்டரின் அடி ரப்பர் ஓஸ். துணியால் துடைத்துவிட்டு, கோலப்பொடியை எடுத்து ஓஸின் மேல் லேசாகத் தடவினார். இன்ஜினை ஓடவிட்டார். நாங்கள் மூவரும் குனிந்து நின்றோம். பத்து நிமிஷம் கழித்து, ஓஸை இறுக்கும் கிளிப் பக்கத்தில் வெள்ளைப் பொடி நடுவே மெல்லிசாக ஒரு ஈரக்கோடு இறங்கியது. சந்தோஷத்தில் சுந்தரி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க. சூடா இருக்கையில தொறந்தா மூஞ்சி வெந்துரும். பைய ஆறட்டும்."

ஒன்றரை மணி நேரம் ஆறவைத்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறியதும் அடியில் சட்டியை வைத்து ஓஸைக் கழற்றினார். நுனியில் விரற்கடை அளவு வெடிப்பு. நல்லவேளையாக ஓஸில் நீளம் மிச்சமிருந்தது. வெடித்த நுனியைக் கத்தியால் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினார். கிளிப் பிடிமானம் போயிருந்தது. கிணற்று மோட்டார் ஓஸுக்கென்று வாங்கிவைத்த புதுக் கிளிப் அளவு சரியாக இருந்தது. நான் ஓடிப்போய்ப் புதுக் கூலன்ட் வாங்கிவந்தேன். இந்த வயதில் அப்படி ஓடினேன் என்று என் வீட்டில் நம்ப மாட்டார்கள். சுந்தரி அதை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, சட்டியில் வடிந்த விஷத் தண்ணீரைத் தெருநாய் நக்கிவிடாதபடி ஒரு கேனில் ஊற்றி மூடிவைத்தார்.

சாயங்காலம் தேவசிகாமணி வந்து, வண்ணாரப்பேட்டை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். முள் பாதியைத் தாண்டவில்லை.

"வண்டி அருமையா ஓடுது. நான் எடுத்துக்கிடுதேன்."

ஞானசம்பந்தன் முகம் மலர்ந்தது. சுந்தரி வந்து, தேவசிகாமணி கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். சுந்தரியின் நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது.

"சூடேறுதுன்னுதான விக்கச் சொன்னிய? இப்ப ஏறலல்லா."

ஞானசம்பந்தன் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் தேவசிகாமணியை உள்ளே அழைத்து, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை வண்டியைப் பின்னால் எடுத்ததும் நானும் ஞானசம்பந்தனும் வாசலில் குத்தவைத்து, முந்தின நாள் புதிதாகப் போட்ட கோலத்தை எண்ணினோம். மூன்றாம் வரிசை, இடமிருந்து இரண்டாவது. புள்ளி காய்ந்து, வெள்ளையாக, முழுசாக இருந்தது. அவர் நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."